தர்மா வீட்டுக் கடலில் ஏறிய உப்பு

1

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்தபோது என் வாயின் இடப்பக்கம் மரத்துப்போயிருந்தது. ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனை. கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்ட மருத்துவர், மருந்து பிடிக்கும்வரை வெளியே உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டார். முன்மேசையில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வாரப் பத்திரிகையில தொடர்கதை எழுதுறது நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"என்கிட்ட ஒரு கதை இருக்கு. பேரை மட்டும் மாத்திடுங்க."

எழுதுகிறவர்கள் எல்லாரிடமும் யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் சொல்வார்கள், சவ ஊர்வலத்தில் சொல்வார்கள். 'எழுதுங்களேன், நீங்களே எழுதினால் நன்றாக வரும்' என்று சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். அன்று உதடு அசையவில்லை. ஆகவே என் ஆயுளில் முதல்முறையாக, ஒருவர் பேசுவதைக் குறுக்கே விழாமல் கேட்டேன்.

பெயர்களை மாற்றிவிட்டேன். அவள் பெயர் துளசி. கணவன் தர்மா. துளசியின் தம்பி சுரேன். தர்மாவின் அக்காள் வீரம்மா. ஆட்கள் இவ்வளவுதான். மீன்களுக்குப் பெயர் மாற்றவில்லை, அவற்றுக்கு முதலிலேயே பெயர் கிடையாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின்மீது அந்தி வெயில் பொன்னாய் உருக, துளசி சன்னல் வழியே வெளியே பார்த்தபடி—'

துளசி வீட்டுச் சன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. அந்தச் சுவரில் குளிர்சாதனப் பெட்டி ஒன்று நாள் முழுதும் சொட்டிக்கொண்டிருக்கும். குன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் மொட்டை மாடிக்குப் போகவேண்டும். அந்த வீட்டுக்கு மொட்டை மாடியும் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

'கடலும் கண்ணீரும் ஏன் உப்பாக—'

இதை எழுதாத ஆள் பேராக் மாநிலத்தில் இனிமேல்தான் பிறக்கவேண்டும். இதையும் அடித்தேன்.

மூன்றாம் முயற்சியை என் பத்திரிகை ஆசிரியர் செய்தார். தொலைபேசியில் கதைச் சுருக்கத்தைக் கேட்டுவிட்டு, "கடல் மீனெல்லாம் வேண்டாம்மா, வாசகருக்குப் புரியாது. தங்கமீனா மாத்திடுங்க" என்றார். மாற்றிப் பார்த்தேன். தங்கமீன் தொட்டியில் உப்பை யாரும் அளப்பதில்லை. உப்பை அளக்காத வீட்டில் இந்தக் கதை நடக்காது. ஆகவே கடல் மீன்தான். புரியவில்லை என்றால் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

3

தர்மா ஒரு சிமெண்டு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறான். காலையிலிருந்து மாலைவரை சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவன் தொழில். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவன் பார்ப்பது, வரவேற்பறைச் சுவரோரம் நிற்கும் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று. நடுவில் துளசியிடம் அவன் கேட்பதும், "சாப்பாடு என்ன இருக்கு?" என்றுதான்.

தொட்டிக்குள் ஒரு சோடி கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன், விரல் விரலாக ஆடும் சில பவளங்கள். ஈப்போவிலிருந்து கடலுக்குப் போக நல்ல தூரம். ஆகவே கடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான் தர்மா. தண்ணீரில் உப்பு கூடக்கூடாது, குறையக்கூடாது. கால்சியம் குறைந்தால் பவளம் வளராது. சிறு குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நீலமாகும்வரை மூச்சைப் பிடித்து நிற்பான். அந்த நேரத்தில் அவனைக் கூப்பிடக்கூடாது. குக்கரும் விசிலடிக்கக்கூடாது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: தொட்டித் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. அதனால் குறைகிற அளவுக்கு வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்றவேண்டும். சில நாளைக்கொருமுறை பழைய தண்ணீரில் கொஞ்சம் இறைத்துவிட்டு, கடல் உப்புத் தூளைக் கரைத்துப் புதுத் தண்ணீர் விடவேண்டும். இந்தத் தூளில் வெறும் உப்பு மட்டுமில்லை, கால்சியம், மக்னீசியம் என்று கடலில் இருக்கிற எல்லாமும் அளவோடு இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துளசி வைத்துக்கொள்ளவில்லை.)

ஒரு காரியத்தைத் தமிழர்கள் நான்கு பேர் சேர்ந்து செய்தால் அது சங்கமாகிவிடும். பேராக்கில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்த நம்மவர்கள் சிலர் வாட்சாப் குழு ஒன்று தொடங்கினார்கள். தலைவர் தர்மா. துணைத்தலைவர் உண்டு, ஆலோசகர் உண்டு, செயலாளர் உண்டு, சாதாரண உறுப்பினர் மட்டும் கொஞ்சம் குறைவு. காலையில் வணக்கம், மாலையில் தண்ணீர் அளவு, வெள்ளிக்கிழமை தோறும் தர்மாவின் அறிவியல் சிந்தனை. 'மூடநம்பிக்கையை விடுவோம், முறையாக அளப்போம்' என்பது அவன் எழுதியதில் பிரபலமானது. புதுக் காடி வாங்கியபோது நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவனும் அவன்தான். துளசி கேட்டதற்கு, "அது பாரம்பரியம்லா, மூடநம்பிக்கை வேற" என்றானாம்.

குழுவில் எல்லாரும் உப்புத் தூள் வாங்கியது சுரேனிடம். சுங்கை சிப்புட்டில் சின்ன மீன் கடை. பெரிய மூட்டையாக வரவழைத்து, வாளிகளில் பிரித்துக் கட்டி, மேலே கடைப் பெயரை ஒட்டி விற்பான். தங்கமீன் வாங்க ஆயிரம் பேர் வருவார்கள், போவார்கள். கடை நிற்பது அந்த வாளிகளின்மீதுதான்.

4

வீரம்மாவை எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கிறது. தொடர்கதையில் கணவனின் அக்காள் என்றால் வாசகர்கள் ஏற்கெனவே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. வீரம்மா கெட்டவள் இல்லை. ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் சீவப் போனபின் தர்மாவுக்குச் சோறூட்டி, தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அவன் படிக்கவேண்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்டவள். யாரிடம் நல்லது கண்டாலும் மனம்விட்டுப் பாராட்டுவாள். அதுதான் சிக்கல்.

பக்கத்து வீட்டுப் பையனின் புது மோட்டோவை, 'குதிரை மாதிரி நிக்குதுலா' என்றாள். மறுநாள் அது சாக்கடைக்குள் கிடந்தது. துளசியின் பூந்தொட்டிகளில் மிளகாய் காய்த்திருந்ததை, 'இலையே தெரியலையே' என்றாள். மறுவாரம் இலை மட்டும்தான் தெரிந்தது. இதையெல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்து யாரும் வீரம்மாவிடம் எதுவும் சொன்னதில்லை. அவள் வருகிறாள் என்றால் நல்ல பொருளை உள்ளே எடுத்துவைப்பார்கள், அவ்வளவுதான். தொட்டியை உள்ளே எடுத்துவைக்க முடியாது.

"என்னாலா தம்பி இது, டிவி பொட்டி மாதிரி," என்றாள் வீரம்மா, தொட்டியை முதலில் பார்த்த அன்று.

"கடல் அக்கா. கடல்ல என்னென்ன இருக்கோ எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

அப்போது ஒரு நீல மீனும் இருந்தது. வீரம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அந்த நீலம் பாரேன். பட்டுச்சேலைக் கலரு. கண்ண எடுக்க முடியலையே எனக்கு."

சமையலறையிலிருந்து துளசி ஓடிவந்தாள். "அண்ணி, தேத்தண்ணி ஆறுது. வாங்க."

"இரு துளசி. என்னமா வளையுது. இடுப்புல எலும்பே இல்ல போல."

"மீனுக்கு இடுப்பு எங்க அண்ணி இருக்கு, வாங்க."

"அதான் சொல்றேன், இல்லாமலே இவ்ளோ அழகு."

மறுநாள் காலையில் நீல மீன் பக்கவாட்டில் மிதந்தது. தர்மா குப்பிகளை எடுத்தான், சொட்டு விட்டான், நிறம் பார்த்தான், "நைட்ரேட்டு கொஞ்சம் கூட" என்றான். எது கூட என்று துளசிக்குத் தெரியும்.

5

இந்தப் பகுதியின் முதல் வரைவில், 'படிப்பறியாத துளசி நடுங்கும் விரல்களால் உப்பை அள்ளினாள்' என்று எழுதியிருந்தேன். பிறகு சந்தேகம் வந்து அவளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"அக்கா, நான் என்ன பட்டிக்காடா? கிளினிக்குல கம்ப்யூட்டர் முழுக்க நான்தான் பாக்குறேன். பல்லுவலிக்குத் தாயத்து கட்டிட்டு வாரவங்களை, அதை அவுத்து வச்சிட்டு உள்ள போங்கன்னு அனுப்புறதே நான்தான்."

"சரி, அதை எடுத்துடுறேன்."

"விரல் நடுங்கிச்சுன்னு வேற எழுதியிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் நடுங்கல."

"பின்ன எப்படிப் போட்டே?"

"சாம்பாருக்குப் போடுற மாதிரிதான்."

ஆகவே திருத்திய வடிவம் இது. கம்ப்யூட்டர் தெரிந்த துளசி, வீரம்மா அடுத்தமுறை வந்து, 'அந்த மஞ்சள் மீனு தங்கக் காசு மாதிரில்ல மின்னுது' என்று சொல்லிவிட்டுப் போன கையோடு, சமையலறையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்துவந்தாள். மிளகாய் எடுக்கவில்லை. கடுகு எடுக்கவில்லை. ("அந்த அளவுக்கு எனக்கு மூளை இருக்கு அக்கா.")

தொட்டி சுவரை ஒட்டி நிற்பதால் அதைச் சுற்றிவர வழியில்லை. முன்னால் நின்று, மூடிய கையைக் கண்ணாடிக்கு எதிரே வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று சுற்றினாள். தீனி வருகிறதென்று நினைத்து மீன்களும் அவள் கையோடு சேர்ந்து வலமாகச் சுற்றின, இடமாகச் சுற்றின. தங்களுக்குக் கண்ணேறு கழிவதில் இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்தவர்களை அவள் அதுவரை கண்டதில்லை. பிள்ளைகளாக இருந்தால் சிணுங்குவார்கள்.

சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்கவேண்டும். அது முறை. உப்பு கரைவதுபோல் கண்ணேறும் கரைந்துபோகும். எந்தத் தண்ணீரில்? துளசி ஒரு கணம் யோசித்தாள். அவள் யோசித்ததை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதைவிடச் சரியான தர்க்கத்தை என் கதைகளில் இதுவரை எந்தப் பாத்திரமும் பேசியதில்லை.

"மனுசனுக்குச் சுத்தினா தண்ணியில கொண்டுபோய்ப் போடணும். மீனு ஏற்கெனவே தண்ணியிலதான் இருக்கு. அதுவும் உப்புத் தண்ணி. கடல்ல உப்பு போட்டா கடல் என்ன வேற ஆயிடுமா?"

மேலே கையை நீட்டி, தொட்டியின் பின்பக்கத்தில் தண்ணீர் சலசலத்து விழும் சின்ன வடிகட்டி அறைக்குள் போட்டுவிட்டாள். மஞ்சள் மீன் சாகவில்லை.

வேலை செய்கிற மருந்தை யார் நிறுத்துவார்கள்? செவ்வாய்க்கிழமை ஒரு பிடி, வெள்ளிக்கிழமை ஒரு பிடி. வீரம்மா வந்துபோனால் அன்றைக்கு ஒரு பிடி. தர்மா குழுவில் தொட்டிப் படத்தைப் போட்டு எல்லாரும் 'அருமை தலைவரே' என்று எழுதினால், வாட்சாப் வழியாகவும் கண் வரும் அல்லவா, அதற்கும் ஒன்று.

6

உப்பு ஏறியது.

தர்மா நம்பவில்லை. அவனிடம் குழாய்போன்ற ஒரு கருவி இருக்கிறது. நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உப்பின் அளவு கோடாகத் தெரியும். துடைத்துப் பார்த்தான். வெறும் தண்ணீர் வைத்துச் சரிபார்த்தான். குழுவின் துணைத்தலைவர் வீட்டிலிருந்து இன்னொரு கருவியைக் கடன் வாங்கிவந்து பார்த்தான். இரண்டும் ஒரே கதையைச் சொன்னதில் அவனுக்குத் துணைத்தலைவர்மீது கொஞ்சம் மரியாதை வந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை இறக்கினான். அடுத்த வாரம் மறுபடியும் ஏறியது. பவளங்கள் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டன. கோமாளி மீன்கள் ஒரு மூலையில் போய் நின்று மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு மாலை கால்சியத்தை அளந்தான்.

(இந்த இடத்தில் இடியிடிக்கவேண்டும் என்று அனுபவம் சொல்கிறது. ஈப்போவில் மாலை மழை சாதாரணம்தான், இடித்திருக்கவும் கூடும். ஆனால் துளசி அப்படி எதுவும் சொல்லவில்லை.)

"உப்பு ஏறுது, கால்சியம் ஏறல. இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தான் தர்மா.

துளசி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தெரியாது."

"கடல் உப்புன்னா எல்லாம் சேர்ந்து ஏறணும். உப்பு மட்டும் ஏறுதுன்னா, எவனோ அதுல சமையல் உப்பைக் கலக்குறான்."

கத்தி நின்றது. "எவன்?"

"என் தொட்டிக்கு உப்பு குடுக்குறது எவன்? உன் தம்பிதான்."

வாசகர்களே, இங்கே நான் தர்மாவைக் கேலி செய்ய வந்தவள், செய்ய முடியாமல் நிற்கிறேன். அவன் அளந்தது சரி. கணக்கு சரி. சமையல் உப்பு கலந்திருக்கிறது என்ற முடிவும் சரி. அந்த உப்பு இருந்த ஜாடி அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆளை மட்டும்தான் தப்பாகப் பிடித்தான்.

7

சுரேன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தான்.

"வாங்க மிஸ்டர் சுரேன்" என்றான் தர்மா. அதுவரை 'மச்சான், வாடா' என்றுதான் கூப்பிடுவான். மரியாதை கூடியதைக் கேட்டதும் சுரேனுக்கு முகம் செத்துவிட்டது.

"மச்சான், உங்க முன்னாலேயே கரைங்க. நீங்களே அளந்து பாருங்க."

தர்மா கரைத்தான், அளந்தான். உப்பு சரியாக இருந்தது. கால்சியமும் சரியாக இருந்தது.

"பாத்தீங்களா மச்சான்."

"பாத்தேன். நான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சதும் நல்லதாக் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க."

"சாமி சத்தியமா மச்சான்."

"சாமியை ஏன் இழுக்குறீங்க, இது சயன்ஸ்."

துளசி இருவருக்கும் நடுவில் காப்பியை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அன்றோடு உப்பு சுற்றுவதை நிறுத்திவிட்டாள். தொட்டிக்கு அது நல்லது. தம்பிக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. புது வாளியிலிருந்து தண்ணீர் மாற்ற மாற்ற அளவுகள் ஒழுங்குக்கு வந்தன, பவளங்கள் விரலை வெளியே நீட்டின. தர்மா நாள்தோறும் அளந்து, நாள்தோறும் இன்னும் உறுதியானான்: திருடன் பயந்துபோய் நல்ல உப்பு கொடுக்கத் தொடங்கிவிட்டான்.

மறுபடியும் உப்பைப் போட்டால் என்ன என்றுகூட துளசி யோசித்தாள். போட்டால், 'பார், புது வாளியிலும் கலந்திருக்கிறான்' என்பான். போடாவிட்டால், 'பார், நிறுத்திவிட்டான்' என்பான். கை நிறைய உப்போடு தொட்டிமுன் நின்றவளைப் பார்த்து மீன்கள் ஆசையாக ஓடிவந்தன. உப்பைத் திருப்பி ஜாடியில் போட்டாள்.

தர்மா குழுவில் இன்னும் பெயர் எழுதவில்லை. 'நம் உறுப்பினர்களுக்கு விற்கப்படும் உப்பில் கலப்படம், ஆதாரம் என்னிடம் உள்ளது' என்றுமட்டும் எழுதியிருந்தான். எல்லாருக்கும் உப்பு விற்பவன் ஒருவன்தான் என்றபோது பெயர் எழுதாதது நாகரிகம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை குழு முழுவதும் தர்மா வீட்டில் கூடுகிறது. அங்கே எழுதிவைத்த அளவுகளைக் காட்டிப் பெயரைச் சொல்லப்போகிறான். சாப்பாட்டுக்கு உதவ வீரம்மா வருகிறாள்.

சுரேன் துளசியைக் கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு பேரு வாளியைக் கொண்டாந்து கடை வாசல்ல வச்சிட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை பேசல."

"ஞாயித்துக்கிழமை நீ வராத சுரேன்."

"வராம இருந்தா பயந்துட்டான்பாங்க. வாரேன். கடையை மூடுறதுன்னா அன்னைக்கே தெரிஞ்சிடட்டும். நான் கலக்கலக்கா. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்."

"என்னக்கா, இவ்ளோ சீக்கிரமா நம்புறே. மச்சான்கிட்ட சொல்லேன்."

"சொல்றேன்."

சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், வாய் மரத்திருந்ததால் கையை ஆட்டிக் கேட்டேன். 'நான்தான் போட்டேன்' என்றால், 'ஏன் போட்டே?' என்று அடுத்த கேள்வி வரும். 'கண்ணு படாம இருக்க' என்றால் தர்மா சிரிப்பான், குழு சிரிக்கும், 'தலைவர் வீட்டம்மா' என்று ஸ்டிக்கர்கூடப் போடுவார்கள். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொள்வாள். அதற்கடுத்த கேள்வியைத்தான் தாங்கமுடியாது. 'யாரு கண்ணு?'

அந்தக் கேள்வி வரும்போது வீரம்மா கேசரிச் சட்டியோடு நடு வீட்டில் நிற்பாள்.

8

இவ்வளவு சொன்னபோது மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நான் பல் போய் வெளியே வந்தபோது முன்மேசையில் வேறு பெண் இருந்தாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை நானே எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: துளசி உண்மையைச் சொல்கிறாள். தர்மா சுரேனைக் கட்டிப்பிடித்து, 'மச்சான்' என்கிறான். வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எனக்கு அப்படி ஒரு கண்ணா' என்று சிரிக்கிறாள். எல்லாரும் கேசரி சாப்பிடுகிறார்கள். (இதை என் ஆசிரியருக்குப் பிடிக்கும். அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: துளசி வாய் திறக்கவில்லை. சுரேன் கடையை மூடிவிட்டு தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். சில மாதம் கழித்து வீரம்மா வந்து மஞ்சள் மீனைப் பார்த்து, 'இன்னும் எப்படி மின்னுது' என்கிறாள். துளசி சமையலறைக்குப் போய் ஜாடியைத் திறந்து, பிறகு—

(நிறுத்திவிட்டேன். இது நடந்திருந்தால் அவள் பல் மருத்துவமனையில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டாள்.)

முடிவு மூன்று: துளசி பொய் சொல்கிறாள். 'அலமாரியைத் துடைக்கையில் உப்பு ஜாடி கைதவறித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது' என்கிறாள். நல்ல பொய். ஆனால் தர்மா பரிசோதனைக் கூடத்து ஆள். ஜாடி ஒருமுறை விழுந்தால் உப்பு ஒருமுறைதான் ஏறும், வாராவாரம் ஏறாது. காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவான்.

மூன்றும் நிற்கவில்லை. துளசியைக் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு என்னதான் ஆச்சு?"

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னும் வரலையே அக்கா."

மறுபடியும் என் உதடு மரத்துப்போயிற்று. இந்தமுறை மருந்து எதுவும் போட்டிருக்கவில்லை.

"வராத ஞாயித்துக்கிழமைக் கதையை ஏம்மா என்கிட்ட சொன்னே?"

"உங்க பத்திரிகை வியாழக்கிழமை கடைக்கு வந்துடுதுல்ல. அண்ணி வியாழக்கிழமை காலையிலேயே வாங்கிடுவாங்க. உங்க கதையைப் படிச்சிட்டுத்தான் சோறு வைப்பாங்க."

"பேரை மாத்தச் சொன்னியே."

"பேரு மாத்தினா என்ன அக்கா. கடல் மீனு வச்சிருக்கிற தம்பி அவங்களுக்கு ஒருத்தன்தான்."

"இதை அச்சுல பாத்தா அவங்களுக்குக் கோவம் வராதா?"

"வரும். ஆனா கதைன்னா அண்ணி முதல்ல அழுவாங்க. அழுது முடிச்சப்புறம்தான் இது யாருன்னு யோசிப்பாங்க. அழுது முடிச்சவங்களுக்குக் கோவம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்." பிறகு, "நேரா சொல்ல எனக்கு வாய் வரலக்கா. நான் சொன்னா, அவங்க தம்பியைப் பறிக்கிறேன்னு நினைப்பாங்க. அவங்களே சொன்னா அவரு கேப்பாரு. அவங்க சொன்னா மட்டும்தான் கேப்பாரு" என்றாள்.

"நான் இதைச் சிரிப்புக் கதையா எழுதிட்டேனே."

"ஐயோ. அழற மாதிரி ஒரு பத்தியாவது போடுங்கக்கா."

9

போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. ஆகவே அழ வைக்காத பத்தி ஒன்றைப் போடுகிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்கவேண்டும், இந்தப் பகுதி ஒருவருக்கு மட்டும்.

வீரம்மா அக்கா. இது உங்கள் பெயர் இல்லை, ஆனாலும் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் எதையும் வைக்கவில்லையே? உட்காருங்கள்.

உங்களுக்குக் கெட்ட கண் என்று நான் நம்பவில்லை. துளசி நம்புகிறாள், அதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை. கதை முழுக்க உங்களைப்பற்றி நான் அடித்த கேலியையும் நீங்கள் எண்ணிக்கொண்டே வந்திருப்பீர்கள். அந்தக் கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரிகை முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. துளசி உங்களை ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றுதான் சொன்னாள், நீங்கள் போனபிறகு உப்பு போட்டாள். வேறு வீடுகளில் உங்களைக் கண்டதும் பொருளை உள்ளே எடுத்துவைக்கிறார்கள். இது எனக்குத் துளசி சொல்லித்தான் தெரியும், உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது என்றால் அதற்கும் வருந்துகிறேன்.

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சுரேனின் கடையை நீங்கள் தினமும் தாண்டித்தான் போகிறீர்கள். வாசலில் நிற்கிற அந்த வாளிகளை இனிமேல் பார்ப்பீர்கள். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று இந்த உலகத்தில் இப்போது மூன்று பேருக்குத் தெரியும். துளசிக்கு வாய் வரவில்லை. நான் சொன்னால் தர்மா, 'ஆதாரம் இருக்கா?' என்பான். நீங்கள் சொன்னால் ஆதாரம் கேட்க மாட்டான், நம்பிவிடுவான்.

இதை நீங்கள் செய்யவேண்டும் என்று நான் எழுத மாட்டேன். 'எனக்கு அப்படி ஒரு பேரா, சொல்லட்டும் அவளே' என்று பத்திரிகையை மடித்துவைத்தாலும் அது உங்கள் நியாயம். ஒரு பெண்ணை அவள் தம்பி வீட்டு நடுக்கூடத்தில் நிறுத்தி, 'என் கண்ணுதான்' என்று அவள் வாயாலேயே சொல்லவைக்க எந்த எழுத்தாளருக்கும் அதிகாரம் இல்லை. முடிவு ஒன்றை நான் கிழித்துப் போட்டதற்குக் காரணமும் அதுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை வாசல்வரைதான் எழுதியிருக்கிறேன், கடைசி மேற்கோள் குறிக்குள் வரவேண்டியதை உங்களுக்கு விட்டிருக்கிறேன். குழு உறுப்பினர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுரேன் நிற்கிறான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துளசி சமையலறை வாசலில் இருக்கிறாள். தர்மா தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தைப் பிரிக்கிறான். வீரம்மா சட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீ படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு" என்கிறாள். எல்லாரும் திரும்புகிறார்கள். அவள் சொல்கிறாள்:

"